குறையே கவசம்!

ஜே.பி.எஸ். ஹால்டேன் 1892-ல் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். பரம்பரையை ஆராய்ந்த மேதை அவர்.

மத்திய தரைக்கடல் நாடுகளில் தாலசீமியா என்ற ரத்தசோகை பரம்பரையாக வந்தது. தாய், தந்தை இருவரிடம் இருந்தும் அந்தக் குறையைப் பெற்ற குழந்தைகள் சிறு வயதிலேயே மாண்டன. அப்படியானால் அந்தக் குறை என்றோ அழிந்திருக்க வேண்டுமே! ஏன் அழியவில்லை?

1949-ல் ஹால்டேன் ஒரு காரணம் சொன்னார். பெற்றோரில் ஒருவரிடம் இருந்து மட்டும் குறையைப் பெற்றவர்களின் சிவப்பு அணுக்கள் சிறியவை. மலேரியாக் கிருமி அவற்றை எளிதில் தாக்க முடியாது. ஆகவே அவர்கள் பிழைக்கிறார்கள், குறையும் தொடர்கிறது!

1954-ல் டாக்டர் ஆண்டனி அலிசன், அரிவாள் வடிவ ரத்த அணுக் குறையும் அவ்வாறே மலேரியாவைத் தடுப்பதை ஆப்பிரிக்காவில் கண்டார்.

1957-ல் இந்தியாவுக்கு வந்த ஹால்டேன், இந்தியக் குடிமகனே ஆனார். 1964 டிசம்பர் 1-ந் தேதி புவனேஸ்வரத்தில் காலமானார். அவர் விருப்பப்படியே, உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது.