பட்டினியை வென்ற மருத்துவர்: சேர் பிரெட்ரிக் பன்ரிங் (1891–1941)

மாணவர்களே, 1920ஆம் ஆண்டளவில் நீரிழிவுள்ள பிள்ளைகளுக்கு அளிக்கப்பட்ட சிகிச்சை எது தெரியுமா? பட்டினி! இன்சுலின் சுரக்காத உடலால் குளுக்கோசைச் சரிவரப் பயன்படுத்த முடியாது. ஆகவே உணவு மிகவும் குறைக்கப்பட்டது. மரக்கறிகளும் மூன்று தடவை அவித்து, நீரை வடித்த பின்னரே கொடுக்கப்பட்டன. காபோவைதரேற்றை நீக்குவதே நோக்கம். ஆனால் நீரில் கரையும் விற்றமின் பீ, சீ என்பனவும் அந்நீருடன் வெளியேறின என்பதை நீங்கள் ஊகிக்கலாம். பிள்ளைகளின் ஆயுள் சிறிது நீண்டது. உடலோ எலும்பும் தோலுமாயிற்று.

இந்நிலையை மாற்றியவரே பன்ரிங். இவர் 1891 நவம்பர் 14 இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் விவசாயக் குடும்பமொன்றிற் பிறந்தார். 1916 இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். முதலாம் உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றிக் காயமடைந்தார்.

1920 இல் சதையி பற்றிய கட்டுரையொன்றை வாசித்தபோது, அதன் சுரப்பைப் பிரித்தெடுக்கும் எண்ணம் இவருக்குத் தோன்றியது. பேராசிரியர் மக்லியொட்டின் ஆய்வுகூடத்தில், சாள்ஸ் பெஸ்ற் என்பவருடன் 1921 இல் நாய்களில் ஆய்வு செய்தார். 1922 ஜனவரி 11 இல் லெனாட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி ஏற்றப்பட்டது. எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. ஜேம்ஸ் கொலிப் தூய்மையாக்கிய மருந்தை ஜனவரி 23 இல் ஏற்றியபோது குருதியில் வெல்லம் குறைந்தது.

அதே ஆண்டு ஓகஸ்ட்டில் எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமி பன்ரிங்கிடம் வந்தாள். 15 வயதை நெருங்கிய அவளின் நிறை ஏறத்தாழ 20 கிலோகிராம் மட்டுமே. இன்சுலின் பெற்றபின் வயிறார உண்டாள். 1981 வரை வாழ்ந்தாள்.

1923 இல் பன்ரிங்குக்கும் மக்லியொட்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பன்ரிங் தமது பரிசுப் பணத்தைப் பெஸ்ற்றுடன் பகிர்ந்துகொண்டார். இன்சுலினின் காப்புரிமையைக் கண்டுபிடிப்பாளர்கள் தலா 1 டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கையளித்தனர். 1941 பெப்ரவரியில் நியூபவுண்லாந்தில் நிகழ்ந்த விமான விபத்தில் பன்ரிங் காலமானார். இவர் பிறந்த தினமே உலக நீரிழிவு தினமாகும்.

நினைவிற் கொள்க: இன்சுலின் நீரிழிவைக் கட்டுப்படுத்துமேயன்றி முற்றாகக் குணப்படுத்தாது, விற்றமின்களையும் தராது. அவற்றை உணவிலிருந்தே பெறவேண்டும். உங்கள் வகுப்பில் நீரிழிவுள்ள நண்பர் இருப்பின், அவர் பட்டினி கிடக்கவேண்டியவர் அல்லர். வைத்தியர் கூறும் அளவில் கீரை, பழம், மீன், முட்டை, பால் என்பவற்றை உண்டு, உங்களைப் போலவே வளரவேண்டியவர்.