தாழை நிழலில் தமியான்

தொண்டு செய்வோர் இரு வகையினர். கரையில் நின்று கயிறு வீசுவோர் ஒரு வகை. தண்ணீரில் இறங்கித் தோள் கொடுப்போர் மற்றொரு வகை. முன்னவரை உலகம் போற்றும். பின்னவரைச் சில வேளைகளில் பித்தர் என்றும் சொல்லும். தந்தை தமியான் இறங்கியவர்.

பெல்ஜியம் நாட்டில் திரமெலோ என்னும் சிற்றூரில் 1840 சனவரி 3 ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப். தமையனைப் பின்பற்றித் துறவற சபையில் சேர்ந்து, தமியான் என்ற பெயரைப் பெற்றார். பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளுக்குச் செல்ல வேண்டியவர் அந்தத் தமையனே. அவர் காய்ச்சலில் படுக்கவே, தம்பி தாமே முன்வந்து இடம் கேட்டார். 1863 இல் கப்பல் ஏறியவர் 1864 மார்ச்சு 19 இல் ஹொனலூலுவில் இறங்கினார். இரண்டு திங்களில் குருப்பட்டம் பெற்றார். பின்னர் ஒன்பது ஆண்டுகள் ஹவாய்ப் பெருந்தீவில் மக்கள் மொழியைக் கற்று, தம் கையாலேயே மரம் அறுத்துக் கோயில்கள் கட்டினார்.

அந்நாளில் வெளியார் வருகையோடு தீவுகளில் பல நோய்கள் புகுந்தன. அவற்றுள் ஒன்று தொழுநோய். 1865 இல் அரசு ஒரு சட்டம் செய்தது. நோயுற்றவரைப் பிரித்து மொலோக்காய்த் தீவின் வடமுனைக்கு அனுப்பினர். மூன்று பக்கம் கடல். பின்புறம் 1,500 அடிக்கு மேல் செங்குத்தான மலைச்சுவர். போனவர் திரும்புவது அரிது. ஆயினும் மனைவிக்குத் துணையாகக் கணவனும், மகனுக்குத் துணையாகத் தாயும் நோயில்லாமலே உடன் சென்றது உண்டு. அத்துணைவர்களைக் கோக்குவா என்று அழைத்தனர்.

நண்பர்களே, இதை நாம் மறந்துவிடக் கூடாது. தமியான் வருவதற்கு முன்பே அங்கே அன்பு இருந்தது, வழிபாடும் இருந்தது. 1866 இலேயே சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த நோயாளிகள் தமக்கென ஒரு திருச்சபை அமைத்துக்கொண்டனர். கத்தோலிக்க நோயாளிகளும் தம்முடன் தங்கும் குரு ஒருவர் வேண்டுமென்று கேட்டு வந்தனர். அழைத்தவர் அவர்கள், அழைப்பை ஏற்றவர் இவர்.

குருமார் நால்வர் முறை வைத்துச் சில திங்கள் தங்குவதென்று முடிவாயிற்று. முதலில் சென்றவர் தமியான். 1873 மே 10 ஆம் நாள் கரையேறினார். தங்க வீடில்லை. கோயிலருகே ஒரு தாழை மரத்தடியில் படுத்துக்கொண்டார். தம்மையே நிலையாக விட்டுவிடுமாறு மேலிடத்துக்கு எழுதினார். முறை அவரோடு நின்றது.

பிறகு அவர் செய்யாத வேலை இல்லை. அரசிடம் போராடிக் குழாய் வாங்கி, நோயாளிகளோடு சேர்ந்து குடிநீர் கொண்டுவந்தார். குடிசைகளுக்கு மாற்றாக மரவீடுகள் கட்டினார். புண் கழுவினார். சவப்பெட்டி செய்தார், குழியும் வெட்டினார். பிணத்தை மதிப்போடு அடக்கம் செய்ய ஒரு சங்கம் அமைந்தது. பாடகர் குழு எழுந்தது; இசைக்குழுவும் எழுந்தது. விரல் இழந்த கைகளும் இசைக்கருவி பிடித்தன. சாகக் காத்திருந்த ஊர் வாழத் தொடங்கிற்று.

வழிபாட்டில் நோயாளரை விளிக்கையில் அவர் தம்மையும் சேர்த்துக்கொண்டு, தொழுநோயாளராகிய நாம் என்ற பொருளிலேயே பேசினார். நோய் பற்றிய பிறகுதான் அவ்வாறு சொன்னார் என்று கதை வழங்குகிறது. உண்மை அதுவன்று. உடல் நலமாயிருந்த முதல் ஆண்டிலேயே அப்படிப் பேசுவதாகத் தமையனுக்கு எழுதியிருக்கிறார். சொல் முன்னே வந்தது. நோய் பின்னே வந்தது.

அவர்களுடன் ஒரே கலத்தில் உண்டார். அது அறிவுடைமையா என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கலாம். கேள்வி தவறன்று. அவர் குறையற்றவரும் அல்லர். முன்கோபி, பிடிவாதக்காரர், மேலோரோடு அடிக்கடி மோதியவர். ஆனால் தொட அஞ்சும் கை தரும் மருந்தை அம்மக்கள் முன்பே கண்டிருந்தனர்.

1884 இறுதியில் ஒரு நாள் கொதிநீரில் கால் வைத்தார், சுடவில்லை. அடுத்த ஆண்டு நோய் உறுதியாயிற்று. பிறகும் நான்கு ஆண்டுகள் உழைத்தார். சோசப் டட்டன், அன்னை மரியான் கோப் போன்றோர் துணைக்கு வந்தனர். 1889 ஏப்பிரல் 15 இல், 49 ஆம் வயதில் மறைந்தார். முதல் இரவுகளில் படுத்த அதே தாழையின் கீழ் அவரை அடக்கம் செய்தனர்.

1936 இல் அவர் உடலைப் பெல்ஜியம் கொண்டு சென்றனர். 1995 இல் வலக்கையை மட்டும் மொலோக்காய்க்குத் திருப்பித் தந்தனர். 2009 இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. 1940களில் மருந்து வந்தது. 1969 இல் அங்கே பிரித்துவைக்கும் சட்டம் ஒழிந்தது. இன்று தொழுநோய் குணமாகும் நோய்.

ஊர் விட்டு வந்து பிறமொழி மக்களிடையே பயிலும் நாம், விடுமுறையில் சிற்றூர்களுக்குத் தொண்டு செய்யப் புறப்படுகிறோம். மண்வெட்டியை மறக்காமல் எடுத்துக்கொள்கிறோம். அவ்வூரார் ஏற்கெனவே தமக்காகச் செய்துகொண்டிருப்பது என்ன என்று கேட்டறிந்து, அவர்களோடு உட்கார்ந்து உண்டபின் அதைக் கையில் எடுப்போம். அவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் என்ற சொல் நம் வாயில் வருமானால், அதுவே அந்தத் தாழையடி மனிதருக்கு நாம் செய்யும் வணக்கம்.