சீனத்து மொழிபெயர்ப்பாளர் மா ஹுவான்

சீனக் கப்பற்படைத் தலைவர் செங் ஹோவின் பெயர் நம்மில் பலர் கேள்விப்பட்டதுதான். சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழியில் பொறிக்கப்பட்ட 1409 ஆம் ஆண்டுக் கல்வெட்டை இலங்கையின் காலி நகரில் நிறுவச் செய்தவர் அவர். ஹாஜிகளின் வழியில் வந்தவர். ஆனால் அவருக்காக அரபு நாட்டாரிடம் பேசிய மா ஹுவான் அவர்களை நாம் மறந்தே போனோம்.

மா ஹுவான் 1380 வாக்கில் சீனத்தின் செஜியாங் மாகாணத்தில் பிறந்த முஸ்லிம். தம்மை மலையில் விறகு வெட்டுபவன் என்றே பணிவாகக் குறித்துக் கொள்வார். சீனத்துப் பழம் நூல்களோடு அரபையும் கற்றார். நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஓதுவதோடு நின்றுவிடுகின்றனர். அவரோ பொருள் விளங்கிப் பேசுமளவுக்குக் கற்றார். அந்தக் கல்விதான் 1413, 1421, 1431 ஆகிய ஆண்டுகளில் புறப்பட்ட மூன்று பயணங்களில் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் பதவியைத் தந்தது.

சென்ற இடமெல்லாம் கண்டதைக் குறித்து வைத்தார். கள்ளிக்கோட்டையில் இருபது முப்பது பள்ளிவாசல்கள் இருந்ததையும், ஏழு நாளைக்கொரு முறை மக்கள் அங்கே தொழுகைக்குக் கூடியதையும் எழுதியுள்ளார். சரக்கின் விலையைப் பேசி முடித்ததும் இரு தரப்பாரும் கைகோத்துக் கொள்வார்களாம். அதன் பின் விலை ஏறினாலும் இறங்கினாலும் பேச்சு மாறாது. நமது மேட்டூர், சேலம் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அங்குள்ள வணிகர்கள் மணிச்சட்டமின்றிக் கைவிரல் கால்விரல்களைக் கொண்டே பிழையின்றிக் கணக்கிட்டது அவரை வியக்க வைத்தது.

கடைசிப் பயணத்தில் கள்ளிக்கோட்டையிலிருந்து ஏழு பேர் கஸ்தூரியும் பீங்கானும் கொண்டு மக்கமா நகர் அனுப்பப்பட்டனர். போய்வர ஓராண்டு ஆயிற்று. ஒட்டகச்சிவிங்கி, சிங்கம், தீக்கோழி ஆகியவற்றோடு கஃபாவின் படமொன்றையும் கொண்டு திரும்பினர். கஃபாவின் கறுப்புத் திரையையும், ஹாஜிகள் அதில் ஒரு துண்டை நினைவாக வெட்டி எடுத்துச் சென்றதையும், அந்நகரில் மதுவுக்குத் தடை இருந்ததையும் மா ஹுவான் விவரிக்கிறார்.

அந்த எழுவரில் அவரும் ஒருவரா? ஆம் என்பார் பலர். ஆனால் ஜம்ஜம் கிணறு மதீனாவில், நபி (ஸல்) அவர்களின் அடக்கத்தலத்துக்குப் பின்னால் இருப்பதாக அவர் எழுதிவிட்டார். மக்காவிலிருந்து மதீனா ஒருநாள் பயணம்தான் என்றும் கணக்கிட்டார். நம் வீட்டு ஹாஜிமார் எவரும் இதை ஒப்பமாட்டார்கள். எனவே தோழர்கள் சொல்லக் கேட்டு எழுதியிருப்பார் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. மூன்று முறை கடல் கடந்த அந்த மனிதருக்கு ஹஜ்ஜின் பாக்கியம் கிட்டியிருக்க வேண்டும் என்றே நம் மனம் விரும்புகிறது. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.

1433 ஆம் ஆண்டோடு சீனத்தின் அப்பெரும் பயணங்கள் நின்றன. அவை பற்றிய அரசாங்க ஏடுகளும் பிற்காலத்தில் பெரும்பாலும் அழிந்தன. கடற்கரை நாடுகளைப் பற்றிய மா ஹுவானின் நூல், அவர் எழுபது வயதை எட்டிய 1451 இல்தான் அச்சேறியது. அக்காலத்து அரபுக் கரையையும் நம் மேற்குக் கரையையும் சீனர் கண்ணால் காண விரும்புவோர் இன்றும் அந்த நூலைத்தான் புரட்டுகின்றனர்.