வில்லியம் கௌவன்ஹோவன்

வில்லியம் பென்னட் கௌவன்ஹோவன் (ஜனவரி 13, 1886 – நவம்பர் 10, 1975) ஓர் அமெரிக்க மின்பொறியியலாளர் ஆவார். இதயம் நின்றுபோனவரின் மார்பைக் கைகளால் அழுத்திக் குருதியோட்டத்தைப் பேணும் முறையை, அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூட், பொறியியலாளர் கய் நிக்கர்பாக்கர் ஆகியோருடன் இணைந்து உருவாக்கினார்.

வாழ்க்கைக் குறிப்பு

இவர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். 1913 இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் முனைவர் பட்டம் பெற்றார். 1914 இல் பால்ட்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பின்னாளில் அதன் பொறியியற் புல முதல்வராகவும் பணியாற்றினார்.

மின்னதிர்ச்சி ஆய்வுகள்

1920களில் மின்கம்பிப் பணியாளர்கள் மின்சாரம் தாக்கி இறப்பது மின் நிறுவனங்களுக்குக் கவலையளித்தது. அவற்றின் நிதியுதவியுடன் இவர் ஆய்வில் இறங்கினார். மின்சாரம் தாக்கும்போது இதயத்தின் கீழறைகள் ஒழுங்கின்றி நடுங்குவதால் குருதியை வெளியேற்ற இயலாமற் போகிறது. இந்நடுக்கத்தை மற்றொரு மின்னதிர்ச்சியால் நிறுத்தலாம் என்பதை நாய்களில் செய்த சோதனைகள் காட்டின. இம்முடிவுகள் 1933 இல் வெளியாயின. 1957 இல் இவரது குழுவின் கருவி, மார்பைத் திறக்காமலேயே ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தப்பட்டது.

மார்பழுத்த முறை

கருவி மிகவும் எடை கூடியது. குருதியோட்டம் நின்ற சில நிமிடங்களிலேயே மூளை பாதிப்படையத் தொடங்கும் என்பதால், கருவி வந்து சேரும்வரை நோயாளியைக் காப்பது பெரும் சிக்கலாக இருந்தது. அதுவரை இதற்கென இருந்த முறை, மார்பை அறுத்து இதயத்தைக் கையால் பிசைவதாகும். இதனை அறுவை மருத்துவரால் மட்டுமே செய்ய இயலும்.

1958 இல், மின்முனைகளை நாயின் மார்பில் அழுத்திய அளவிலேயே, மின்சாரம் செலுத்தும் முன்னரே, குருதியழுத்தம் சற்று உயர்வதை நிக்கர்பாக்கர் கவனித்தார். இதனைத் தொடர்ந்து, மார்பெலும்பின் கீழ்ப்பகுதியைச் சீராக அழுத்தும் முறையை மூவரும் வகுத்தனர். 1960 ஜூலையில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான இவர்களது கட்டுரை, 20 நோயாளிகளுள் 14 பேர் உயிர் பிழைத்ததைத் தெரிவித்தது. கருவி ஏதுமின்றி, இரு கைகளைக் கொண்டே எவரும் எங்கும் முதலுதவி செய்யலாம் என்பதே இதன் சிறப்பு.

இம்முறை, பீட்டர் சஃபார் முதலியோர் ஆய்ந்த வாய்வழிச் செயற்கைச் சுவாசத்துடன் இணைந்து சி.பி.ஆர் என அறியப்படலாயிற்று. முதற்கட்டுரை நிமிடத்துக்குச் சுமார் 60 அழுத்தங்களைப் பரிந்துரைத்தது. தற்போதைய பரிந்துரை 100 முதல் 120 வரை ஆகும்.

சிறப்புகள்

மருத்துவம் பயிலாத இவருக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 1969 இல் மதிப்புறு மருத்துவப் பட்டம் வழங்கியது. 1973 இல் லாஸ்கர் விருதைப் பெற்றார்.