மிகைல் தால்: ஒரு கிளப் வளர்த்த சாம்பியன்



கச்சிராயபாளையத்தில் வளர்ந்த எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆடுபுலியாட்டமும் கிரிக்கெட்டும்தான். செஸ் கற்றுக்கொண்டது நம் ஹாஸ்டலில். சனிக்கிழமை சாயங்காலம் மெஸ் ஹாலில் கூடிய செஸ் கிளப்பில், ஒரு சீனியர் அண்ணன் காய் நகர்த்தச் சொல்லித் தருவதற்கு முன்னால் ஒரு மனிதரின் கதையைச் சொன்னார். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மிகைல் தால் 1936-ல் லாட்வியாவின் ரீகா நகரில் பிறந்தவர். வலது கையில் மூன்று விரல்தான். தகப்பனார் டாக்டர். எட்டு வயதில், அப்பா ஆடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். பிறகு ரீகா சிறுவர் மாளிகையின் செஸ் கிளப்பில் சேர்ந்தார். பயிற்சியாளராக அலெக்சாண்டர் கோப்லென்ட்ஸ் வாய்த்தார். அந்தக் கிளப் பையன் 1957-லும் 1958-லும் சோவியத் யூனியன் சாம்பியன்! கொஞ்ச காலம் ரீகாவிலேயே பள்ளிக்கூட வாத்தியாராகவும் இருந்தார்.

அவர் ஆட்டமே தனி ரகம். குதிரையையும் யானையையும் தாராளமாக வெட்டக் கொடுத்துவிட்டு எதிராளியின் ராஜாவைத் துரத்துவார். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து நிதானமாக ஆராய்ந்தால் தப்பிக்க வழி இருந்திருக்கும். ஆனால் கடிகாரம் ஓடும்போது அந்த வழி யார் கண்ணுக்குத் தெரியும்?

1960-ல் உலகப் பட்டத்துக்கு அவர் எதிரே உட்கார்ந்தவர் போத்வின்னிக். நம்மைப் போல ஒரு இன்ஜினீயர், எலெக்ட்ரிக்கல்காரர். எல்லாவற்றையும் கணக்குப் போட்டு ஆடுபவர். அவரை 12½–8½ என்று ஜெயித்து, 23 வயதில் தால் உலக சாம்பியன் ஆனார். மறு ஆண்டே மறுபோட்டியில் 13–8 என்று தோற்றார். சிறுநீரகக் கோளாறு அவரை அப்போதே வாட்டிக்கொண்டிருந்தது. 1962-ல் குராசாவ் போட்டியின் பாதியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. 1969-ல் ஒரு சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள்.

வேறு ஒருவராக இருந்தால் அத்தோடு போர்டை மூடி வைத்திருப்பார். தால் 1973–74-ல் தொடர்ந்து 95 ஆட்டங்கள் தோற்காமல் ஆடினார். 1988-ல், 51 வயதில், உலக பிளிட்ஸ் சாம்பியன். 1992 மே மாதம் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து எழுந்துபோய் மாஸ்கோ பிளிட்ஸ் போட்டியில் காஸ்பரோவையே ஒரு ஆட்டத்தில் ஜெயித்தார். அடுத்த மாதம், ஜூன் 28-ல் காலமானார்.

ரீகா எங்கே, நாம் எங்கே என்று கேட்பீர்கள். 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆன மானுவல் ஆரோன், 1972-ல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் ஒரு கிளப் தொடங்கினார். அதன் பெயரே தால் செஸ் கிளப்! அம்மாவிடம் ஆட்டம் கற்ற விஸ்வநாதன் ஆனந்த், சிறுவனாக அங்கே போய்த்தான் பெரியவர்களோடு மோதிப் பழகினார். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024-ல் அதே சென்னையின் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன்.

தாலுக்கு ஒரு ரீகா கிளப். ஆனந்துக்கு ஒரு தால் கிளப். பையனிடம் திறமை இருக்கலாம்; ஆனால் எதிரே உட்கார்ந்து அவனைத் தோற்கடிக்கவும், ஏன் தோற்றாய் என்று சொல்லித் தரவும் ஆள் வேண்டுமே! கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து வரும் பிள்ளைகளால் காசு கட்டி கோச்சிங் போக முடியுமா? அவர்களுக்குக் கிளப்தான் கோச்.

நம் மெஸ் ஹாலின் சனிக்கிழமை ஆட்டம் நின்றுபோய்விட்டது என்று கேள்விப்பட்டேன். மனசு கஷ்டமாக இருந்தது. ரீயூனியனுக்கு வரும்போது இரண்டு போர்டும் ஒரு செஸ் கடிகாரமும் கொண்டு வருகிறேன். பழைய ஆட்கள் மாதம் ஒரு சனிக்கிழமை, முறை வைத்து வந்தால் போதும். தம்பி தங்கைகளே, எதிரே வந்து உட்காருங்கள். எங்களைத் தோற்கடியுங்கள், சந்தோஷமாகத் தோற்கிறோம்!