இங்கெ லேமன்

இங்கெ லேமன் (மே 13, 1888 - பெப்ரவரி 21, 1993) டென்மார்க் நாட்டைச் சேர்ந்த நிலநடுக்கவியலாளர் ஆவார். புவியின் திரவக் கருவத்தினுள் தனியான உட்கருவம் ஒன்று உள்ளதென்பதை நிலநடுக்க அலைகளின் பதிவுகளைக் கொண்டு 1936 ஆம் ஆண்டில் கண்டறிந்தார்.

வாழ்க்கைச் சுருக்கம்

லேமன் கோப்பன்ஹேகன் நகரில் பிறந்தார். இவரது தந்தை ஆல்ஃபிரட் லேமன் ஓர் உளவியலாளர். ஆண், பெண் பிள்ளைகளைச் சமமாக நடத்திய பள்ளியொன்றில் கல்வி பயின்றார். அதை நடத்திய ஹன்னா ஆட்லர், இயற்பியலாளர் நீல்ஸ் போரின் தாயுடன் பிறந்தவர். 1907 இல் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்கத் தொடங்கிய லேமன், 1910 இல் கேம்பிரிட்ஜ் சென்றார். கடும் சோர்வினால் 1911 இல் நாடு திரும்பினார். சில ஆண்டுகள் காப்பீட்டுக் கணிப்புப் பணியில் இருந்தபின், 1920 இல் பட்டம் பெற்றார்.

1925 இல் நீல்ஸ் எரிக் நோர்லுண்டின் உதவியாளராகச் சேர்ந்து, டென்மார்க்கிலும் கிறீன்லாந்திலும் நிலநடுக்கப் பதிவு நிலையங்களை அமைக்கும் பணியில் ஈடுபட்டார். 1928 முதல் 1953 வரை டென்மார்க் புவியளவையியல் நிறுவனத்தின் நிலநடுக்கவியல் துறைத் தலைவராகப் பணியாற்றினார்.

உட்கருவத்தின் கண்டுபிடிப்பு

புவியின் கருவம் முழுவதும் திரவம் என்றே அக்காலத்தில் கருதப்பட்டது. மூடகத்திலிருந்து திரவக் கருவத்தினுள் நுழையும் முதன்மை அலைகள் ஒளிவிலகல் அடைகின்றன. இதனால் நிலநடுக்க மையத்திலிருந்து ஏறத்தாழ 104 முதல் 140 பாகை வரையுள்ள பகுதியை அவை நேரடியாக அடைவதில்லை. இப்பகுதி நிழல் வலயம் எனப்படும். ஆயினும் அங்கும் வலுக்குறைந்த அலைகள் பதிவாகி வந்தன. அலைகள் கருவத்தின் விளிம்பில் வளைந்து வருவதே இதற்குக் காரணம் என விளக்கம் கூறப்பட்டது.

லேமன் இவ்விளக்கத்தை ஏற்கவில்லை. 1929 இல் நியூசிலாந்தின் மர்ச்சிசன் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின் பதிவுகளை ஆராய்ந்தார். கணினி இல்லாத அக்காலத்தில், அலைகள் வந்தடைந்த நேரங்களை அட்டைகளில் குறித்து ஒப்பிட்டார். கருவத்தினுள் அலைகள் விரைந்து செல்லும் மற்றொரு கோளம் இருந்தால், அதன் எல்லையில் திரும்பும் அலைகள் நிழல் வலயத்தை அடையும் எனக் கணித்துக் காட்டினார். 1936 இல் வெளியான இக்கட்டுரையின் தலைப்பு, கருவத்தின் ஊடாகச் செல்லும் முதன்மை அலையைக் குறிக்கும் ஒற்றை எழுத்துக் குறியீடு மட்டுமே.

சில ஆண்டுகளில் பெனோ குட்டன்பெர்க், ஹரோல்ட் ஜெப்ரீஸ் ஆகியோர் இம்முடிவை ஏற்றுக்கொண்டனர். உட்கருவம் திண்மமானது என்பதற்கு, புவியின் அதிர்வுகளைக் கொண்டு 1971 இல் வலுவான சான்று கிடைத்தது. இதன் ஆரம் ஏறத்தாழ 1,220 கிலோமீட்டர் ஆகும்.

பிற்காலம்

ஓய்வுக்குப் பின்னர் அமெரிக்காவில் மேல் மூடகத்தை ஆராய்ந்தார். ஏறத்தாழ 220 கிலோமீட்டர் ஆழத்தில் அலைகளின் வேகம் திடீரென மாறும் எல்லை இவரது பெயரால் லேமன் தொடர்ச்சியின்மை என அழைக்கப்படுகிறது. 1969 இல் இலண்டன் அரச கழகத்தின் வெளிநாட்டு உறுப்பினரானார். 1971 இல் அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியத்தின் வில்லியம் போவி பதக்கத்தைப் பெற்ற முதல் பெண் ஆனார். தமது 104 ஆவது வயதில் காலமானார்.