ஃபிளெமிங் கண்ட சிறு புள்ளி

ஃபிளெமிங் என்றதும் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்தான் பலருக்கு நினைவுக்கு வருவார். நான் சொல்லப்போவது வால்தர் ஃபிளெமிங்கைப் பற்றி. ஆங்கில எழுத்துகளில் இவர் பெயருக்கு ஓர் ‘எம்’ கூடுதல். படிவம் நான்கு உயிரியலில் நாம் மனனம் செய்யும் ‘மைட்டோசிஸ்’ என்ற சொல்லைத் தந்தவர் இவர்தான்.

1843இல் ஜெர்மனியின் சுவெரின் நகருக்கு அருகில் பிறந்தார். தந்தை மனநல மருத்துவர். மகனும் மருத்துவம் படித்தார். 1870இல் பிரஷ்யாவுக்கும் பிரான்சுக்கும் மூண்ட போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றினார். சில ஆண்டுகள் பிராக் நகரில் கற்பித்துவிட்டு, 1876இல் கீல் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியரானார்.

உயிரணு கண்ணாடி போன்றது. நுண்ணோக்கியில் வைத்தாலும் உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியாது. ஃபிளெமிங் அதற்குச் சாயமேற்றினார். உட்கருவில் ஒரு பொருள் மட்டும் சாயத்தை நன்றாக உறிஞ்சியது. அதற்குக் குரோமாட்டின் என்று பெயரிட்டார். ஆனால், பதப்படுத்திச் சாயமேற்றிய உயிரணு செத்துவிடும். பிரிவின் ஒரு கணம் மட்டுமே கண்ணில் படும். எது முதலில், எது பிறகு? சலமாண்டர் என்னும் நீர்நில வாழியின் உயிரணுக்கள் பெரியவை என்பதால் அதன் குஞ்சுகளைத் தேர்ந்தெடுத்தார். சாயமேற்றிய உயிரணுக்களை உயிருள்ளவற்றோடு ஒப்பிட்டு, வரிசையைக் கண்டறிந்தார். 1882இல் வெளிவந்த அவரது நூலில் உள்ள படங்களுக்கும் நம் பாடநூல் படங்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கை வீடற்றவர்களுக்கான இல்லத்துக்குக் கொடுத்தார். பள்ளிக்குப் போக வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கணிதமும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தார். 1905இல், 62ஆவது வயதில், கீல் நகரிலேயே காலமானார்.

என்னை அதிகம் கவர்வது 1891இல் அவர் எழுதிய ஒரு சிறு விவரம். பிரிவின் கடைசிக் கட்டத்தில் இரு சேய் உயிரணுக்களையும் ஒரு மெல்லிய பாலம் இணைத்திருக்கும். அதன் நடுவே கருமையாக ஒரு புள்ளியைக் கண்டு பதிவு செய்தார். நடுவுடல் என்று அதைச் சொல்லலாம். வேலை முடிந்தபின் மிஞ்சும் குப்பை என்றே பலரும் நெடுங்காலம் அதை எண்ணினார்கள்.

குப்பை அல்ல. அங்கேதான் கடைசி வெட்டுக்குப் புரதங்கள் கூடுகின்றன. முதலில் ஆக்டின், மயோசின் புரதங்களாலான வளையம் சுருக்குப் பையின் கயிறுபோல் உயிரணுவின் இடையை இறுக்குகிறது. ஆனால், அந்த வளையத்தால் பாலத்தை அறுக்க முடியாது. நடுவுடலுக்கு வரும் செப்55 என்ற புரதம் வேறு இரு புரதங்களை அழைக்கிறது. அவற்றின் வழியாக ‘எஸ்கார்ட் மூன்று’ என்ற புரதக் குழு வந்து சேர்கிறது. இக்குழு சவ்வின் உட்புறம் சுருள் சுருளாகப் படிந்து, பாலத்தை ஒடுக்கி அறுக்கிறது. இந்தத் தொடர்பு 2007இல்தான் தெளிவானது. எச்.ஐ.வி. கிருமியும் மனித உயிரணுவிலிருந்து பிரிந்து வெளியேற இதே குழுவைத்தான் கடன் வாங்குகிறது!

அவசரப்பட்டு அறுத்துவிட்டால்? பாலத்தில் குரோமோசோம் சிக்கியிருந்தால் அதுவும் சேதமாகும். அதனால், அரோரா பி என்ற புரதம் வெட்டைத் தள்ளிப்போடுகிறது. பிரிவே நடக்காமல் போனாலும் தொல்லைதான்: ஒரே உயிரணுவில் இரு உட்கருக்கள், இரு மடங்கு குரோமோசோம்கள். புற்றுநோய்க்கு இட்டுச்செல்லக்கூடிய வழிகளில் அதுவும் ஒன்று.

பாடநூல் இந்தக் கட்டத்தை ஓரிரு வரிகளில் முடித்துவிடுகிறது. ஆய்வு நூல்களிலோ அந்தப் புள்ளிக்கு ‘ஃபிளெமிங் உடல்’ என்ற பெயரும் உண்டு.